ஒரு அட்டைத்துண்டு, ஒரு இசைத்தட்டு, ஒரு ஏரோப்ளேன் கம்பெனி

'எக்ஸார்சிஸ்ட்' படம் பார்த்தவங்களுக்கு அந்த பியானோ கண்டிப்பா ஞாபகம் இருக்கும். படம் பார்க்காதவங்ககூட எங்கேயாவது கேட்டிருப்பீங்க. ஒரே சின்ன வட்டத்துக்குள்ள சுத்திச் சுத்தி வரும், நிக்கவே நிக்காது. "பேய்ப்பட மியூசிக்"னு உலகம் பூரா அதுக்குப் பேர் வெச்சாச்சு.

ஆனா அந்த பியானோவை வாசிச்ச ஆளுக்குப் பேயும் தெரியாது, படமும் தெரியாது. அவர் பேர் மைக் ஓல்ட்ஃபீல்ட். வாசிக்கும்போது வயசு 19. ஆல்பத்தின் பேர் 'டியூபுலர் பெல்ஸ்'. 1973 மே 25-ல் வந்த அவரோட முதல் தனி ஆல்பம். ஒரு பக்கத்துக்கு ஒன்றுன்னு ரெண்டே ரெண்டு துண்டு, மொத்தம் கிட்டத்தட்ட 49 நிமிஷம். பாட்டு வரிகள் கிடையாது. ப்ராக்ரஸிவ் ராக் வகையில் ரொம்ப சாந்தமான, மெதுவா விரியற இசை. (இடையில் ஒரு ஆதிமனுஷன் வந்து கத்துவான், அதைப் பிறகு சொல்றேன் :-) )

இந்த ஆல்பத்தின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒருத்தன் தனியா உட்கார்ந்து தனக்காகச் செய்த ஒரு விஷயம், வெளியே போன பிறகு யாருக்குச் சொந்தம்? அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்தப் பதிவு.

அழிக்காத டேப்

ஓல்ட்ஃபீல்ட் 1953-ல் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில் பிறந்தவர். அம்மாவுக்கு மனநலப் பிரச்சினை. வீட்டுக்குள்ள நிம்மதி இல்லை. பையன் கிதாரை எடுத்துக்கிட்டு அறைக்குள்ள போய் மணிக்கணக்கில் வாசிப்பான். அக்கா சாலியோடு சேர்ந்து 'சாலியாஞ்சி'ன்னு நாட்டுப்புற இசை ஜோடி அமைச்சு 15 வயசிலேயே ஒரு ஆல்பம் போட்டாச்சு. 16 வயசில் கெவின் அயர்ஸ் என்கிற பாடகரோட குழுவில் பேஸ் கிதார் வாசிக்கச் சேர்ந்தார்.

அந்தக் குழுவோடு அபே ரோடு ஸ்டூடியோவுக்குப் போனப்போ இவர் ஒரு வேலை பண்ணினார். மத்தவங்க வர்றதுக்கு முன்னாடியே போய், அங்கே அலமாரிகளிலும் மூலைகளிலும் கிடந்த வாத்தியங்களை ஒவ்வொண்ணா எடுத்து வாசிச்சுப் பார்த்தார். பியானோ, ஹார்ப்ஸிகார்ட், தாள வாத்தியங்கள்னு எல்லாம். வாத்தியார் யாரும் இல்லை.

1971-ல் குழு கலைஞ்சது. அயர்ஸ் தன்னிடம் இருந்த பேங் அண்ட் ஓலுஃப்சென் டேப் ரெக்கார்டர் ஒன்றை இவருக்கு இரவல் கொடுத்தார். இங்கேதான் நம்ம பொட்டி தட்டும் ஜாதிக்குப் பிடிச்ச பகுதி வருது.

டேப் ரெக்கார்டரில் டேப் முதலில் 'எரேஸ் ஹெட்' என்கிற அழிக்கும் தலையைத் தாண்டும். அது பழசைத் துடைக்கும். அதுக்கு அடுத்த தலை புதுசை எழுதும். அதனால்தான் ஒரு பாட்டு மேலே இன்னொண்ணு பதிஞ்சா முதல் பாட்டு காணாமப் போகுது. ஓல்ட்ஃபீல்ட் என்ன பண்ணினார்னா, அழிக்கும் தலைக்கு முன்னாடி ஒரு அட்டைத்துண்டை வெச்சு மறைச்சுட்டார். இப்போ பழசு அழியாது, அதுக்கு மேலேயே புதுசு ஏறும். கிதார் வாசி. டேப்பைத் திருப்பு. அதுக்கு மேல பேஸ் வாசி. மறுபடி திருப்பு. அதுக்கு மேல ஆர்கன்.

லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் ஒரு ஃப்ளாட்டில் உட்கார்ந்து, ஒரு ஆளே முழு பேண்டா ஆனது இப்படித்தான். இதில் உள்ள ஆபத்தையும் யோசிச்சுப் பாருங்க. பத்தாவது அடுக்கில் விரல் வழுக்கினா ஒன்பது அடுக்கும் போச்சு. அண்டூ கிடையாது, பேக்கப் கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் டேப்பின் 'உஸ்ஸ்' சத்தம் வேற கூடிக்கிட்டே போகும்.

பதின்வயதில் எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்ட பிறகு இவருக்குக் கடுமையான பீதி வரும், கூட்டத்தில் இருக்க முடியாது. பின்னாளில் தன் சுயசரிதையில் இதையெல்லாம் வெளிப்படையாவே எழுதியிருக்கார். அந்த நிலைமையில் இருந்த பையனுக்கு அந்த டேப்புக்குள்ள இருந்த உலகம்தான் பத்திரமான இடம். டெரி ரைலியின் 'எ ரெயின்போ இன் கர்வ்ட் ஏர்' ஆல்பத்தில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வந்து மயக்கும். கீத் டிப்பெட்டின் 'சென்டிபீட்' குழுவில் ஐம்பது பேர் சேர்ந்து ஒரே நீண்ட படைப்பை வாசிப்பாங்க. இந்த ரெண்டும் சேர்ந்து இவர் மண்டைக்குள்ள ஒரு நீண்ட இசையா மாறிச்சு. அதுக்கு 'ஓபஸ் ஒன்'னு தற்காலிகப் பேர்.

அந்த பியானோ வட்டம் ஏன் அப்படி மனசைப் பிடிக்குதுன்னா, அது சமமான கணக்கில் இல்லை. ஏழும் எட்டுமா மாறி மாறி வரும். விரல் விட்டு எண்ணிப் பாருங்க. வட்டம் முடிஞ்சதுன்னு நினைக்கிற இடத்தில் ஒரு எண்ணிக்கை முன்னாடியே அடுத்தது ஆரம்பிச்சிருக்கும். அதனால் எத்தனை முறை வந்தாலும் சலிக்காது.

"பாட்டு எங்கே தம்பி?"

டேப்பைத் தூக்கிக்கிட்டு கம்பெனி கம்பெனியா ஏறினார். எல்லாரும் கையை விரிச்சாங்க. பாடகர் இல்லை, வரிகள் இல்லை, இதை எப்படி விக்கிறதுன்னு கேட்டாங்க.

1971 செப்டம்பரில் இன்னொரு பாடகருக்கு பேஸ் வாசிக்க ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய மாளிகைக்குப் போனார். 'தி மேனர்'னு பேர். ரிச்சர்ட் பிரான்சன் அதை வாங்கி, தங்கியே ரெக்கார்டிங் செய்கிற ஸ்டூடியோவா மாத்திக்கிட்டிருந்தார். அப்போ பிரான்சனுக்கு 21 வயசு. தபாலில் இசைத்தட்டு விக்கிறவர், லண்டனில் ஒரு கடையும் வெச்சிருந்தார். ஓல்ட்ஃபீல்ட் தன் டேப்பை அங்கிருந்த டாம் நியூமன், சைமன் ஹெய்வொர்த் என்கிற ரெண்டு பொறியாளர்களிடம் போட்டுக் காட்டினார். ரெண்டு பேரும் விழுந்துட்டாங்க. முதலாளியிடம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

சோவியத் நாட்டில் இசைக்கலைஞர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்குதாம்னு கேள்விப்பட்டு, டெலிபோன் டைரக்டரியில் சோவியத் தூதரகத்தின் நம்பரைத் தேடிக்கிட்டிருந்தப்பதான் பிரான்சன் தரப்பில் இருந்து கூப்பிட்டாங்கன்னு ஓல்ட்ஃபீல்ட் சொல்லியிருக்கார். அந்த ஃபோன் ஒரு நாள் தள்ளி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சா சிரிப்பாவும் இருக்கு, பகீர்னும் இருக்கு.

கிடைச்சது ஒரே ஒரு வாரம். 1972 நவம்பர். வாடகைக்கு வேண்டிய வாத்தியங்களின் பட்டியல் கொடுத்தார். அந்தப் பட்டியலில் டியூபுலர் பெல்ஸ் இல்லை! அவருக்கு முன்னாடி ஜான் கேல் அங்கே ரெக்கார்டிங் முடிச்சிருந்தார். அவருக்காக வந்த வாத்தியங்களை வெளியே தூக்கிக்கிட்டுப் போறாங்க. அதில் இந்தக் குழாய் மணிகளைப் பார்த்து, "அதை இங்கேயே விட்டுட்டுப் போங்களேன்"னு இவர் கேட்டிருக்கார். (தெரியாதவங்களுக்கு: சட்டத்தில் தொங்கவிட்ட நீளமான உலோகக் குழாய்கள். தட்டினா சர்ச் மணி மாதிரி கேட்கும்.) மென்மையான சுத்தியால் தட்ட வேண்டிய அதை, சத்தம் பத்தலைன்னு நிஜமான இரும்புச் சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டார். ஆல்பத்தில் அந்த மணி கொஞ்சம் கரகரன்னு உடைஞ்சு கேக்கறது அதனால்தான்.

முதல் பக்கம் அந்த ஒரு வாரத்தில் முடிஞ்சது. ரெண்டாம் பக்கத்துக்குத் தனியா நாள் கிடைக்கலை. 1973 பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை மேனரிலேயே தங்கி, வேற யாரும் புக் பண்ணாத நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமா பதிஞ்சார். இப்போ 16 தடங்கள் உள்ள பெரிய மெஷின். ஆனா செய்முறை அதே அட்டைத்துண்டு செய்முறைதான், அடுக்கு மேல அடுக்கு. கிதாரைப் பாதி வேகத்தில் ஓடும் டேப்பில் வாசிச்சு முழு வேகத்தில் ஓட்டினா மாண்டலின் மாதிரி துள்ளும். பேக்பைப் மாதிரி ஒலிக்கிற கிதார்களும் உண்டு. எல்லாத்தையும் கலக்கும்போது கம்ப்யூட்டர் உதவி கிடையாது. யார் எந்த நொடியில் எந்தப் பிடியை ஏத்தணும்னு திட்டம் போட்டு, பல கைகள் ஒரே நேரத்தில் இயக்கணும்.

முழுக்க ஒரே ஆள்னும் சொல்லிடக் கூடாது. புல்லாங்குழலுக்கு ஜான் ஃபீல்ட், டிரம்ஸுக்கு ஸ்டீவ் ப்ரௌட்டன், குரலுக்கு அக்கா சாலியும் மண்டி எல்லிஸும். முதல் பக்கத்தின் கடைசியில் ஒவ்வொரு வாத்தியமா பேர் சொல்லி அறிமுகம் செய்கிற குரல் விவியன் ஸ்டான்ஷலுடையது. 'போன்ஸோ டாக் டூ-டா பேண்ட்' என்கிற நையாண்டிக் குழுவின் பாடகர். அவர் கடைசியா மணிகளின் பேரைச் சொன்ன தோரணையைக் கேட்டுத்தான் ஆல்பத்துக்கே அந்தப் பேரை வெச்சாங்க.

ஆதிமனுஷன் கதைக்கு வர்றேன். ஒரு இடத்திலாவது பாட்டு வேணும்னு பிரான்சன் தரப்பில் இருந்து நச்சரிப்பு. கடுப்பான ஓல்ட்ஃபீல்ட், "பாட்டுதானே வேணும்?"னு மேனரில் இருந்த விஸ்கியை அடிச்சுட்டு மைக் முன்னாடி நின்னு கண்டபடி உறுமித் தள்ளினார். டேப்பை வேகமா ஓடவிட்டுப் பதிஞ்சு, அப்புறம் சரியான வேகத்தில் போட்டதால் குரல் இன்னும் கட்டையா இறங்கிடுச்சு. அட்டையில் இதுக்குக் கொடுத்த பேர் 'பில்ட்டௌன் மேன்'. அறிவியல் உலகத்தையே ஏமாத்தின போலி ஆதிமனுஷ மண்டையோட்டின் பேர் அது. கேட்டது வரிகள், கொடுத்தது உறுமல். கஸ்டமர் ரெக்வயர்மெண்ட் க்ளோஸ்டு :-)

கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி

1973 ஜனவரியில் பிரான்சனும் அவர் உறவினர் சைமன் டிரேப்பரும் டேப்பை எடுத்துக்கிட்டு பிரான்ஸின் கான் நகரத்தில் நடக்கும் 'மிடெம்' இசைச் சந்தைக்குப் போனாங்க. யாரும் வாங்கலை. கொஞ்சம் பாட்டைச் சேர்த்தா 20,000 டாலர் தரேன்னு ஒரு அமெரிக்க கம்பெனிக்காரர் சொன்னாராம். இனி நாமே கம்பெனி ஆரம்பிச்சுடலாம்னு முடிவு பண்ணினாங்க. அப்படி வந்ததுதான் வர்ஜின் ரெக்கார்ட்ஸ். அதன் முதல் ஆல்பத்தின் எண் வி 2001. நம்ம ஆல்பம்தான்.

கான்ட்ராக்ட் எப்படிப் போடறதுன்னு அவங்களுக்குத் தெரியாது. பாடகி சாண்டி டென்னி ஐலண்ட் கம்பெனியோடு போட்டிருந்த ஒப்பந்தத்தை வாங்கி, பேர்களை மட்டும் மாத்தித் திரும்ப டைப் அடிச்சதா பிரான்சனே தன் சுயசரிதையில் எழுதியிருக்கார். அடுத்தவன் கோடை எடுத்து வேரியபிள் பேரை மட்டும் மாத்தினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாததா? பத்து ஆல்பம் கொடுக்கணும், ராயல்டி 5 சதவீதம். 19 வயசுப் பையன், மேனேஜர் கிடையாது, வக்கீல் கிடையாது. கையெழுத்துப் போட்டுட்டார்.

ஆல்பம் வந்த சில நாளில், மே 29 அன்று, பிபிசி வானொலியில் ஜான் பீல் தன் நிகழ்ச்சியில் அதை விரிவா ஒலிபரப்பினார். ஜூன் 25 லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் மேடையேற்றம். ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் டெய்லர் உட்பட பெரிய ஆட்கள் வாசிச்சாங்க. ஓல்ட்ஃபீல்டுக்கு மேடை ஏற பயம், வர மாட்டேன்னுட்டார். பிரான்சன் தன் பென்ட்லி காரைத் தரேன்னு சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார். முடிஞ்சதும் கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுது. வாசிச்ச மனுஷனுக்கோ எல்லாம் தப்புத்தப்பா போச்சேங்கிற நினைப்பு.

அப்புறம் வந்ததுதான் பேய். வில்லியம் ஃப்ரீட்கின் தன் படத்துக்கு லாலோ ஷிஃப்ரின் போட்ட இசையைத் தூக்கி எறிஞ்சுட்டு வேற தேடிக்கிட்டிருந்தார். அவர் மனசில் இருந்தது ஒரு தாலாட்டு மாதிரியான இசை. குழந்தைத்தனமா, எளிமையா. அப்படித்தான் அந்த பியானோ மாட்டிச்சு. 1973 டிசம்பர் 26-ல் படம் அமெரிக்காவில் வெளியானது. படத்தில் அந்த இசை வர்றது கொஞ்ச நேரம்தான், அதுவும் பேய் வர்ற காட்சியில் இல்லை, அம்மா தெருவில் நடந்து வீட்டுக்குப் போகும் காட்சியில். ஆனா ஜனங்க மனசில் ரெண்டும் ஒட்டிக்கிச்சு. தாலாட்டுன்னு எடுத்தது பயத்தின் அடையாளமா ஆயிடுச்சு.

அமெரிக்காவில் அந்தத் துண்டை வெட்டி சிங்கிளா போட்டாங்க. ஓல்ட்ஃபீல்டைக் கேக்கவே இல்லை. அது பில்போர்ட் பட்டியலில் 7-வது இடம் வரை போனது. பிரிட்டனில் ஆல்பம் மெதுவா ஏறி, 1974 அக்டோபரில் முதலிடத்துக்கு வந்தது. அங்கிருந்து கீழே தள்ளியது யாரை? ஓல்ட்ஃபீல்டின் ரெண்டாவது ஆல்பமான 'ஹெர்ஜஸ்ட் ரிட்ஜ்'-ஐயே! கிராமி விருதும் கிடைத்தது.

இத்தனைக்கும் ஆள் லண்டனிலேயே இல்லை. வேல்ஸ் எல்லையோரம் ஒரு குன்றுப் பக்கமா வீடு வாங்கிப் போய் ஒளிஞ்சுக்கிட்டார். அந்தக் குன்றின் பேர்தான் ஹெர்ஜஸ்ட் ரிட்ஜ். கம்பெனி ஊர் ஊரா டூர் போகச் சொன்னது, பேட்டி கொடுக்கச் சொன்னது. எதுக்கும் அவர் அசையலை.

திரும்பி வந்த டேப்

அந்தப் பணத்தில் வர்ஜின் வளர்ந்தது. 1984-ல் விமான கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1992-ல் ரெக்கார்ட் கம்பெனியை ஈ.எம்.ஐ.க்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் வித்தாங்க. அட்டைத்துண்டால் மட்டுமே விமானம் பறந்ததுன்னு நான் சொல்ல வரலை. பிரான்சன் துணிச்சல்காரர், மத்தவங்க எல்லாம் தள்ளிவிட்டதை எடுத்தவர், அதை மறுக்க முடியாது. ஆனா முதல் செங்கல் யாருடையதுன்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா?

ஒப்பந்தத்தைப் பிறகு திருத்தினாங்க. ஆனாலும் கசப்பு போகலை. 1990-ல் வந்த 'அமரோக்' ஆல்பத்தில் வர்ஜினுக்கு இன்னொரு டியூபுலர் பெல்ஸ் கொடுக்காம, சிங்கிளா வெட்டவே முடியாத மாதிரி ஒரு மணி நேரம் ஒரே துண்டா ஓடும் இசை கொடுத்தார். 48-வது நிமிஷம் வாக்கில் மோர்ஸ் சங்கேதத்தில் ஆர்.பி. என்கிற முதலெழுத்துக்காரருக்கு ஒரு கெட்ட வார்த்தை வசவு. (மொழிபெயர்க்க மாட்டேன், குடும்பப் பதிவு.) வர்ஜினை விட்டு வெளியே வந்ததும் 1992-ல் வேற கம்பெனிக்கு 'டியூபுலர் பெல்ஸ் 2' கொடுத்தார். பிரிட்டனில் முதலிடம்.

2003-ல் மூல ஆல்பத்தையே முதல்ல இருந்து கடைசி வரை மறுபடி வாசிச்சுப் பதிஞ்சார். ஸ்டான்ஷல் 1995-லேயே இறந்துட்டதால் வாத்தியங்களை அறிமுகம் செய்ய ஜான் க்ளீஸ். ஒரு வாரத்தில் அவசரமா செய்ததால் இருந்த சுருதிப் பிசகு, தாளப் பிசகு எல்லாத்தையும் சரிபண்ணியாச்சு. எனக்கு என்னவோ அது ஒட்டலை. ஓடிக்கிட்டிருக்கிற பழைய ப்ரோக்ராமை சுத்தமா திருப்பி எழுதுவோம் பாருங்க, அந்த மாதிரி இருக்கு. எல்லாம் சரியா இருக்கும், ஆனா உள்ளே ஆள் இருக்கற மாதிரி இருக்காது. பழைய ஆல்பத்தில் விரல் நரம்பில் வழுக்கறது, மணி கரகரக்கறது எல்லாம் கேக்கும். அடுத்த ஆள் ஸ்டூடியோவுக்கு வர்றதுக்குள்ள முடிச்சாகணுமேங்கிற ஒரு பையனின் தவிப்பு அது.

ஆனா அவர் ஏன் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே போனார்னு எனக்குப் புரியுது. படம் எடுத்தவர், கம்பெனி வெச்சவர், சிங்கிள் வெட்டினவர்னு எல்லாரும் ஆளுக்கொரு துண்டா எடுத்துக்கிட்டாங்க. இவர் தன் இசையைத் தன் கையாலேயே இன்னொரு முறை செய்து பார்த்து மீட்கப் பார்த்திருக்கார்.

2008-ல் டியூபுலர் பெல்ஸின் உரிமை ஓல்ட்ஃபீல்டிடமே திரும்பி வந்தது. 35 வருஷம் ஆச்சு. 2009-ல் புதுசா கலந்து மறுவெளியீடு செய்தார். 2012 ஜூலை 27 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா. மேடைக்கு பயந்து கார் லஞ்சம் வாங்கின அதே ஆள், நிரம்பி வழியும் ஸ்டேடியத்தில் அந்த பியானோ வட்டத்தோடு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில்கள், நர்ஸ்கள், கட்டில் மேல் குதிக்கிற குழந்தைகள். கதைப்புத்தக வில்லன்கள் வந்து பயமுறுத்தி, பிறகு மேரி பாப்பின்ஸ்கள் இறங்கி வந்து குழந்தைகளைத் தூங்க வைக்கிற காட்சி அது. பயமும் தாலாட்டும் ஒரே மேடையில்.

இதுவரை கேக்காதவங்க ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, ஹெட்ஃபோனில், முதல்ல இருந்து கேளுங்க. பேயை மறந்துடுங்க. பொறுமை இல்லைன்னா ரெண்டாம் பக்கத்தில் ஆதிமனுஷன் உறுமி முடிச்ச உடனே வர்ற இடத்தைக் கேளுங்க. ஆர்கன் நீளமா விரிஞ்சு நிக்க, அதுக்கு மேல ஒரு கிதார் அவசரமே இல்லாம பேசிக்கிட்டுப் போகும். என்னைக் கேட்டா அதுதான் மொத்த ஆல்பத்திலும் நல்ல இடம். எந்தப் படத்திலும் பிரபலமாகாத இடமும் அதுதான்.

டாட்டன்ஹாம் ஃப்ளாட்டில் பதிஞ்ச அந்த 'உஸ்ஸ்' டேப்புகளும் பின்னால் வந்த மறுபதிப்புகளில் சேர்ந்திருக்கு. அதையும் விட்டுடாதீங்க.

பி.கு: யாருடைய முதல் ஆல்பம் உங்களை இப்படிப் பிடிச்சு உட்கார வெச்சதுன்னு பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. எந்த மொழியா இருந்தாலும் சரி.